கன்னி நாய்க்கு இரண்டு நாள்

திண்டிவனத்தில் நான் உதவியாளராக இருந்த கால்நடை மருந்தகத்தில், மேசைமேல் நாயைத் தூக்கி வைத்ததும் டாக்டரம்மா கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த வேலைக்குப் பொறந்ததுன்னு தெரியுமாங்க?" என்பதுதான். யாருக்குத் தெரியும்? அவரே சொல்வார். அல்சேஷன் ஆட்டு மந்தையை மடக்கித் திருப்பப் பிறந்தது. லாப்ரடார் சுட்டு விழுந்த வாத்தைக் கவ்வி வர. குட்டைக்கால் டாஷண்டு வளைக்குள் நுழைய. பொமரேனியன் மடியில் கிடந்து கொஞ்சல் வாங்க. எங்கள் பக்கத்து ஆட்களுக்கோ நாய் என்றால் ஒரே வேலை, வாசலில் கிடந்து குரைப்பது. பகலெல்லாம் கட்டிப்போட்டால்தான் ரோஷம் வரும் என்று எந்த நாயையும் கட்டிவிடுவார்கள்.

இதையெல்லாம் தினமும் காதில் வாங்கிய நானே, வளவனூரில் இருக்கும் என் அண்ணனுக்கு, வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையைக் காக்கவென்று ஒரு கன்னிக் குட்டியை வாங்கிக் கொடுத்தேன். புத்தி எங்கே போச்சோ! கன்னி முயல் விரட்டும் வேட்டை நாய். கண்ணெதிரே எது ஓடினாலும் பின்னால் ஓடும். அண்ணன் ஒன்றரை வருஷம் அதைச் சங்கிலியிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் சங்கிலி அறுந்தது. எதிரே, கூலி வேலைக்குப் போகிற ஓர் அம்மாவின் மூன்று ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டு போயின. மூன்றும் செத்தன. அந்த அம்மா குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். நாயைக் கொல்லாமல் விடமாட்டோம் என்று தெருவே வந்து நின்றது.

"ஊசியப் போட்டு முடிச்சுடுடா, இல்லன்னா நானே பாத்துக்கறேன்," என்றார் அண்ணன். மருந்தகத்தில் போய்ச் சொன்னேன். என்னை அண்ணே என்றே கூப்பிடும் டாக்டரம்மா மறுத்துவிட்டார். "அது மேல என்னண்ணே தப்பு? வானூர்ல வேலி போட்ட தோப்புக்காரர் ஒருத்தர் கன்னி கேட்டுக்கினு இருக்காரு. ரெண்டே நாள் உங்க வீட்ல வச்சிக்கினு இருங்க, வந்து கூட்டிக்கினு போயிடுவாரு." சரி மேடம் என்றேன்.

பெண்டாட்டி கத்துவாள், வீட்டில் பேஜாராகும் என்று நான் அதை அழைத்து வரவில்லை. இரண்டு நாள்தானே, அண்ணன் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் போனபோது கறிச்சோற்றுத் தட்டு பாதி காலியாக இருந்தது. பக்கத்தில் நாய் வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தது. எலி மருந்து. அண்ணன் மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்.

காலையில் டாக்டரம்மா கேட்டார்: "எங்கண்ணே கன்னி?"

"அவுத்துக்கினு ஓடிப்போச்சு மேடம்."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு, விடுங்க. எங்கனா முந்திரித் தோப்புப் பக்கம் பொழச்சிக்கும்."

இப்போது அவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். போன மாசம் போனில் பேசும்போது, அந்தக் கன்னியை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

"மரக்காணம் பக்கம் ஒருத்தர் பாத்தாராம் மேடம்," என்றேன். "நல்லா இருக்காம்."