சாசி மாமாவும் களவுபோன பானைகளும்

என் தாய்மாமன் சாசி கடையில் ரொட்டி வாங்கினால், அதை இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்படி ஒரு பிறவி. எங்கள் துனிசியாவின் ஜெர்பா தீவில் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், பிடிக்கிற எல்லோரும் அது புகுந்து ஒளிந்துகொள்ளக் கடலடியில் மண்பானைகளைக் கயிற்றில் கோத்து இறக்கிவிட்டு, அடையாளத்துக்கு மேலே ஒரு மிதவை கட்டுவார்கள். மாமா கட்டமாட்டார். மிதவை என்றால் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாம். கரையில் இரண்டு பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் தெரியும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்வார். எந்த இரண்டு என்று கட்டின மனைவிக்கே தெரியாது.

நான் அதே கடற்கரையில் கொட்டகை போட்டு, காற்றுக்காக வருகிறவர்களுக்குப் பட்டமும் பலகையும் வாடகைக்கு விடுகிறேன். பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர், துனிஸ் பிள்ளைகள் என்று பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் பறப்பார்கள். மாமாவுக்கு அவர்கள் அத்தனை பேரும் உளவாளிகள்.

"வேலவெட்டி இல்லாம எவனாச்சும் காத்துக்காக காசு செலவழிச்சு வருவானாடி மப்ரூகா? இவனுங்க கீழ எதையோ தேடுறானுங்க."

"ஆமா மாமா, உங்க மூளையத் தேடுறாங்க."

அதற்கு மூன்று வருடம் பேச்சு இல்லை. கரையில் நடந்தால்கூட என் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார்.

இந்தக் குளிர்காலத்தில் இருநூறு பானைகளை இறக்கிவிட்டு, குடலிறக்க ஆபரேஷனுக்காக ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் போனார். ஒன்றரை மாதம் கழித்து வந்து தேடினால் ஒரு பானைகூட இல்லை. நேராக என் கொட்டகைக்கு வந்தார். ஒரு ஜெர்மன்காரியின் பையைப் பிடுங்கி மணலில் கொட்டினார். விழுந்தது இடுப்புப் பட்டையும் ஈரத் துண்டும்தான்.

"பானைய எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கத்தினேன். மறுநாளே கடலோரக் காவலில் புகார் கொடுத்துவிட்டார். அதிகாரி லஸ்ஸாத் வந்து, விசாரணையில் உண்மை என்று தெரிந்தால் என் அனுமதிச் சீட்டு ரத்து என்றார். பன்னிரண்டு வருட உழைப்பு.

மூவரும் மாமாவின் படகில் போனோம்.

"எந்த இடத்துல போட்டீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"திரும்பிக்குங்க ரெண்டு பேரும். நான் பாக்குறத நீங்க பாக்கக்கூடாது."

அதிகாரி சிரித்துக்கொண்டே திரும்பினார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமா ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டினார். விரலுக்கு நேரே தூரத்தில் பள்ளிவாசலின் வெள்ளைக் கும்மட்டம். அதற்கு முன்னால், கரையில், என் சிவப்புக் கொட்டகை!

அடப்பாவி மனுஷா! ஜனவரிப் புயலில் அலை உள்ளே ஏறியதால், கொட்டகையைக் கழற்றி எண்பது அடி கிழக்கே நட்டிருந்தேன். அப்போது இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"மேற்கே விடுங்க மாமா. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

கொட்டகையின் பழைய இடமும் கும்மட்டமும் நேர்க்கோட்டில் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். மாமா கொக்கியைப் போட்டு இழுத்தார். மூன்றாம் இழுப்பில் கயிறு மாட்டியது. பானை பானையாக ஏறியது, பாதிக்குமேல் உள்ளே பேய்க்கணவாய். அதிகாரி புகாரைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமாவுக்கு முகம் வெளுத்திருந்தது.

"இவளுக்கு எப்படி சார் இடம் தெரிஞ்சது?"

"நீங்க என் கொட்டகையத்தான் அடையாளம் வெச்சிருந்தீங்க மாமா. அத நான் தள்ளி நட்டுட்டேன்."

மாமா கொக்கியைக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார். மூன்று வருடத்தில் முதல்முறை.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு உன் அம்மா மேல சத்தியம் பண்ணு. என் தங்கச்சி மேல."

பண்ணினேன். மனதார, அழுதுகொண்டே. பானைகளை அதே இடத்தில் திரும்ப இறக்கிவிட்டுக் கரைக்கு வந்தோம்.

மறுநாள் காலை தனியாகக் கடலுக்குப் போய், இருநூறு பானைகளையும் தூக்கி வேறு இடத்தில் இறக்கிவிட்டு வந்தார்.