சும்மா இருக்கும் மூளை தேவை

மூளை ஆராய்ச்சி என்பது பாதி நேரம் பிறர் தலையில் எண்ணெய் துடைக்கும் தொழில். இனிமேல் சொல்வதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கில் கொப்புளம் வரட்டும். பட்டத்துக்காக ஒரு பேராசிரியரிடம் மாட்டிக்கொண்டு தவம் கிடந்தவர்களே, உங்களுக்குத்தான் இது.

தொண்ணூறுகளில், அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடம். மூளையின் எந்த மூலை எந்த மூலையோடு பேசுகிறது என்பது என் ஆராய்ச்சி. "முதல்ல பேச்சே இல்லாத மூளை ஒண்ணு கொண்டுவா. அதை வெச்சுத்தான் மத்ததை அளக்கணும். இல்லேன்னா பட்டத்தை மறந்துடு" என்றார் என் பேராசிரியர். கண்ணை மூடிச் சும்மா இருக்கக்கூடிய ஆளைத் தேடி அலைந்தேன்.

ஆதி தாளம்

மயிலாப்பூரிலிருந்து ஒரு மிருதங்க வித்வான் வந்தார். தலையில் எண்ணெயைத் துடைத்து ஒயர்களை ஒட்டி, சும்மா இருங்கள் என்றேன். விரல்கூட அசையவில்லை. ஆனால் காகிதத்தில் அலை வரையும் பேனாக்கள் அத்தனையும் ஆதி தாளத்தில் ஆடின. ஜன்னலோரப் புறா கழுத்தை வெட்டி வெட்டிக் கணக்கு வைத்துக்கொண்டது. காகிதத்தைக் காட்டினேன். புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மூணாவது பேனா தாளத்தை விட்டுக் கொஞ்சம் ஓடறதே, யார்கிட்ட கத்துண்டது?"

லஸ் முனை

அடுத்தவர் சாந்தோம் ஆட்டோக்காரர். கண்ணை மூடிய சற்றைக்கெல்லாம் நாற்காலி இடப்பக்கம் சாய்ந்தது. அறையே லஸ் முனையில் திரும்பியது போல் என் டம்ளரில் காபி தளும்பியது. "சும்மா இருக்கச் சொன்னேனேப்பா" என்றேன். ஓடுகிற காகிதத்தைக் காட்டினார்.

"மீட்டர் ஓடிக்கினு கீது நைனா, வண்டிய எப்படி நிறுத்தறது?"

பேராசிரியர்

"உனக்கு ஆள் பிடிக்கத் தெரியலை. நானே உட்காரறேன், பார்" என்று பேராசிரியர் உட்கார்ந்தார். நெற்றிப் பக்கத்தில் ஓர் அலை மெல்ல எழுந்தது. பின்மண்டை அதற்குப் பதில் சொன்னது. பிறகு எல்லா மூலைகளும் சேர்ந்துகொண்டன. அறைக்குள் உப்புக் காற்று வந்தது. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுவரை ஒருமுறை தடவிவிட்டுப் போனது. அவர் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

கண் திறந்தபோது பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது, பாதமெல்லாம் மணல். காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "பேச்சு நிற்கவே இல்லையே, இதையே எழுதட்டுமா சார்?" என்றேன். காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எழுது. ஆனா நான் சும்மாதான் இருந்தேன்னு போடு."

சும்மா இருக்கும் மூளை உலகத்தில் கிடையாது என்று எழுதி நான் டாக்டரானேன். யார் சொன்னதென்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள், அன்றைக்கு ஆபீசில் ஏது மணல் என்று பேராசிரியரின் வீட்டுக்காரம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.