சாமியார் சொன்ன ரூவா

என் மூத்த மகள் பிறந்தபோது அழவில்லை.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். பாகூர் ஏரிக்குக் கீழே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த எங்கள் சின்ன ஊரில் என் வீட்டுக்காரர் மாதா கோயில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. வெள்ளைக்காரச் சாமியார் மாதம் ஒருமுறைதான் மாட்டு வண்டியில் வந்து பூசை வைப்பார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நடுப்பகலில் வலி கண்டது. வாய்க்காலுக்கு அந்தண்டை இருந்த மருத்துவச்சி வந்தாள். அவள் எங்களைப் போல வேதக்காரி இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனாலும் எங்கள் ஊரில் பாதிப்பேர் அவள் கையில் பிறந்தவர்கள்தான்.

பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. வெளியே நின்ற என் வீட்டுக்காரர் சேதி தெரிந்ததும் செம்புத் தண்ணீரோடு உள்ளே ஓடிவந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சாகவிடக்கூடாது என்பது அவரே ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

"தள்ளும்மா, தண்ணி ஊத்தணும்."

"ஊத்தலாம் உபதேசியாரே. மொதல்ல இதுக்குக் காத்து வேணும்."

அவள் பிள்ளையின் வாயையும் மூக்கையும் தன் வாயால் மூடி மெல்ல ஊதினாள். நிறுத்தினாள். மறுபடி ஊதினாள். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. நான் பாயில் கிடந்தபடி அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. "வேற சாமி கும்புடறவ மூச்சுதான மொதல்ல உள்ள பூந்திருக்கு" என்று கோயில் கிணற்றடியில் யாரோ பேசினார்கள். அது அவர் காதில் விழுந்துவிட்டது. தினமும் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த மருத்துவச்சியை வாசலிலேயே நிறுத்தி, "இனிமே நாங்களே பாத்துக்கறோம்" என்றார். அவள் திரும்பிப் போனாள்.

"அந்த மூச்சு இல்லன்னா புள்ள ஏதுங்க?" என்று கேட்டேன். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மாதப் பூசைக்குச் சாமியார் வந்ததும், ஞானஸ்நானத்துக்கு முன்பாகவே என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டார். நான் பிள்ளையோடு பக்கத்தில் நின்றேன். திட்டு விழும் என்று நினைத்தேன். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டே, "அந்த அம்மாவை அழைத்து வாருங்கள்" என்றார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் அவர், அப்படித்தான் பேசுவார்.

என் வீட்டுக்காரரே வாய்க்கால் தாண்டிப் போய்க் கூப்பிட்டு வந்தார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கோயில் வாசற்படியில் நின்றாள்.

சாமியார் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "வேதாகமத்தின் பழைய பகுதி எபிரேய பாஷையில் எழுதியது. அதில் ஒரு வார்த்தை, ரூவா. உலகம் உண்டாகும்போது தண்ணீரின் மேல் அசைந்தது அந்த ரூவா. வெளியே அடிக்கிற காற்றும் ரூவா. நம்முடைய மூச்சும் ரூவா. நீங்கள் இஸ்பிரீத்து சாந்து என்று வேண்டிக்கொள்ளும் பரிசுத்த ஆவிக்கும் அங்கே அதே வார்த்தைதான். எந்த ரூவா யாருடையது என்று உபதேசியார் எப்படிப் பிரிப்பார்?"

என் வீட்டுக்காரர் தலை குனிந்தார்.

மருத்துவச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்கு ரூவா எல்லாம் வேணாம் சாமி. ஒரு மரக்கா நெல்லு குடுத்தா போதும்."

கோயிலே சிரித்தது. சாமியாருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. யாரோ விளக்கிச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே, "சோற்றுப் பானையில் வருவது என்ன?" என்று அவளைக் கேட்டார்.

"ஆவி சாமி."

"உயிர் போனால் என்ன போய்விட்டது என்பீர்கள்?"

"ஆவி பூட்ச்சின்னுவோம்." சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். "இன்னா சாமி, நம்மளுதும் அதே மாதிரிதான கீது!"

ஞானஸ்நானம் முடியும்வரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழுதது. "தொண்டையப் பாரு!" என்று பெருமையாக என் கையை இடித்தாள்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் அவள் எதிரே போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவருக்கு வந்த வார்த்தை வேறு.

"நாளைக்குப் புள்ளயக் குளிப்பாட்ட வர்றியாம்மா?"

"வர்றேன். வெந்நி மட்டும் போட்டு வையுங்க. போன தபா பச்சத் தண்ணியா இருந்துது."

அவர் மறுநாள் விடியுமுன்னே எழுந்து தானே அடுப்பை மூட்டினார். பிறகு எனக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளையும் அவள்தான் கையில் வாங்கினாள்.