மனைப்பிரிவில் சாணிக் காவல்

முனிரத்தினத்துக்கு மாடு என்றாலே ஆகாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பொய். மாட்டை விரட்டுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். உத்திரமேரூர்ப் பக்கம் மாடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு புல்வெளியை ஆல்வின் என்பவர் வாங்கி, கல் நட்டு, வாசலில் வளைவு கட்டி, மனை போட்டு விற்றார். கழனி வேலைக்குக் கூலியாகப் போய்க்கொண்டிருந்த முனிரத்தினம் அங்கே வாட்ச்மேன் ஆனார். மாடுகள் முதலில் அவருடைய விசிலுக்கு ஓடின. பிறகு காக்கிச் சட்டையைப் பார்த்தாலே ஓடின.

சாணியே விழாத அந்த இடத்துக்குச் சுகிர்தா ஒரு வாளிச் சாணியோடு வந்து இறங்கினாள். கல்லூரியில் சாணி வண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள்.

"மேய்ச்சல் நிலம், சவுக்குத் தோப்பு, பிளாட்டு. எங்க எத்தனை வகை வண்டு இருக்குன்னு பாக்கணும்ணா. குழியில டப்பாவைப் புதைச்சு, மேல சாணியைத் துணியில கட்டித் தொங்கவிடுவேன். வாசனைக்கு வர்ற வண்டு உள்ள விழுந்துடும்."

"மாடே இல்லாத எடத்துல வண்டு இன்னாத்துக்கு வருது மேடம்?"

"வரலைன்னு எழுதறதுக்கும் பாத்துட்டுத்தானே எழுதணும்."

ஆல்வின் சம்மதித்தார். முனிரத்தினத்துக்குப் புது உத்தரவு வந்தது: சாணியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோறு கொண்டுவந்த மனைவி பரிமளா, குச்சிகளுக்கு நடுவே தொங்கிய சாணி மூட்டையைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"தொடாத. அது ஆராய்ச்சி சாணி."

"ஆராய்ச்சி சாணில வரட்டி தட்டுனா எரியாதா?"

"பேஜார் பண்ணாத பரிமளா."

அந்த வாரம் மனை பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூட்டை தொங்கியது ஒரு மனையின் ஈசானிய மூலையில். அது என்ன என்று கேட்டார்கள். வாங்க வந்தவர்களிடம் வண்டு கிண்டு என்று சொல்லி வைத்தால் ஆல்வின் திட்டுவாரே என்று பயந்து, "ஒரு மேடம் வெச்சது, தொடக் கூடாது" என்று மட்டும் சொன்னார் முனிரத்தினம். ஏதோ வாஸ்துப் பரிகாரம் போல என்று வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டையைக் கும்பிட்டுவிட்டு, அந்த மனைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கேள்விப்பட்டு அடுத்து வந்தவர்கள் சாணி இல்லாத மனை வேண்டாம் என்றார்கள்.

ஆல்வின் யோசிக்கவேயில்லை. "எல்லா மனையிலயும் சாணி விழணும். மாட்டை உள்ள விடு."

மாடுகள் வரவில்லை. வளைவு வரைக்கும் வந்து, காக்கியைப் பார்த்து, மரியாதையாகத் திரும்பிப் போயின. முனிரத்தினம் சட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, பனியனோடு தவிட்டுத் தண்ணி வைத்து, "வாம்மா, வா கண்ணு" என்று கெஞ்சினார். மூன்றாம் நாள் ஒரு செவலைப் பசு உள்ளே காலெடுத்து வைத்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன.

மழை பெய்தது. மறுநாள் ஆல்வின் வந்து பார்த்தால், மனைகளில் சாணியைக் காணோம்.

"வாட்ச்மேன்னு நீ எதுக்குய்யா இருக்க? சாணியைத் திருடிட்டாங்களே."

பழி தன்மேல் விழுந்ததும் முனிரத்தினம் திருடனைப் பிடிக்கக் கிளம்பினார். அன்று புதிதாக விழுந்த சாணி ஒன்றின் அருகே குந்தி, கண் கொட்டாமல் பார்த்தார். சாணி லேசாக அசைந்தது. உள்ளேயிருந்து கறுப்பு வண்டுகள் வெளியே வந்தன. சில அங்கேயே மண்ணைக் குடைந்து சாணியை உள்ளே இழுத்தன. சில உருண்டை பிடித்துப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போயின. திருடர்களைக் கையும் களவுமாகப் பிடித்தும் யாரிடம் ஒப்படைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சுகிர்தாவுக்குப் போன் போட்டார்.

அவள் வந்து பார்த்துவிட்டு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "இதுதாண்ணா என்னோட மாடு இல்லாத இடம். அங்க மேய்ச்சல் நிலத்துல இருந்த மாடெல்லாம் தவிட்டுக்கு இங்க வந்துடுச்சு. இப்ப அங்க வண்டு கம்மி."

"நான் இன்னா மேடம் பண்றது? சார் சொன்னாரு, செஞ்சேன்."

"உங்களைச் சொல்லலைண்ணா," என்றவள், சிறிது நேரத்தில் தன்னையறியாமல் சிரித்தாள். மேய்ச்சலும் பிளாட்டும் இடம் மாறிய கதையையே ஆராய்ச்சியாக எழுதப்போவதாகச் சொன்னாள்.

வண்டு சாணியை உள்ளே இழுத்தால் மண்ணுக்கு நல்லது என்று அவள் சொன்னதை ஆல்வின் பிடித்துக்கொண்டார். 'சாணியை ஏற்றுக்கொள்ளும் பூமி' என்று வாசலில் போர்டு எழுதி மாட்டினார். மனைகள் வேகமாக விற்றுப்போயின. வீடு கட்ட மட்டும் இன்னும் ஒருவரும் வரவில்லை.

முனிரத்தினம் இப்போது காலையில் மனைகளைச் சுற்றி வருகிறார். ஒரு நாள் ஒரு வண்டு தன் உருண்டையோடு எல்லைக்கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் குந்தி, ஒரு இலையால் அதைப் பக்கத்து மனைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது ஆல்வின் போனில் கூப்பிட்டார்.

"இன்னாய்யா பண்ற?"

"வண்டுக்கு வழி வுட்டுக்கினு கீறேன் சார்."