மிஸ்ஸி கேட்ட இரண்டு மணி நேரம்

தாதிமைக்குப் பாடத்திட்டம் எழுதுவது, மூட முடியாத பெட்டிக்குள் இன்னொரு சேலையை வைக்கப் பார்ப்பது மாதிரியான வேலை. புதுச் சேலை எல்லாருக்கும் பிடிக்கும். தன் சேலையை மட்டும் யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். கூட்டம் என்ற பெயரில் எங்காவது உட்கார்ந்து தேநீரை ஆறவைத்தவர் என்றால், நீங்களும் நம்ம ஆள்தான். கொஞ்சம் என் பாட்டையும் கேளுங்கள்.

காணாமல் போன பல்செட்டு

நான் சிங்கப்பூரில் ஒரு வார்டில் தாதியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, இருந்தபோது ஒரு பெரியவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நானும் இரண்டு நாளும் 'உணவு வேண்டாம் என்றார்' என்ற கட்டத்தில் அழகாக டிக் போட்டேன். மூன்றாம் நாள், தட்டு எடுக்க வந்த அம்மா, "ஏன் சாப்பிடல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். விஷயம் வெளியே வந்தது. பெரியவர் பல்செட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுருட்டித் தட்டில் வைத்திருக்கிறார். அது தட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன்.

"நீங்க ரொம்ப பிஸியா இருந்தீங்க மிஸ்ஸி. ஒரு பல்செட்டுக்காக உங்கள ஏன் நிப்பாட்டணும்னு விட்டுட்டேன்."

எல்லாருக்கும் பிடித்த பாடம்

பல வருடம் கழித்து, தாதிமைக் கல்லூரி ஒன்றில் பாடத்திட்டம் எழுதும் வேலைக்கு வந்தேன். அந்தப் பெரியவரை நான் மறக்கவில்லை. அதனால் முதல் வேலையாக இரண்டே இரண்டு மணி நேரம் கேட்டேன். மாணவர்கள் கையில் எந்தக் கருவியும் இல்லாமல் நோயாளி பக்கத்தில் உட்கார வேண்டும், கேட்க வேண்டும், பதிலை முழுசாகக் காதில் வாங்க வேண்டும். அவ்வளவுதான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் உடற்கூற்றியல்காரர் ஒரு நிமிடம்கூடத் தர முடியாது என்றார். மருந்தியல்காரர் தன் நேரமே போதவில்லை என்றார். பிரிவுத் தலைவர் மிஸ்டர் செல்வா கடைசியாகப் பேசினார்.

"ரொம்ப முக்கியமான பாடம் சாந்தி. அதனாலதான் அவசரப்பட்டு இந்த வருஷமே சேர்க்க வேணாம்னு சொல்றேன்."

மூன்று கவலைகள்

நேர் வழி அடைத்தால் கொல்லை வழி. வேறொரு பாடத்தின் நோக்கங்களில், 'நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொள்வர்' என்று ஒரு வரியைச் செருகினேன். திரும்பி வந்துவிட்டது. புரிந்துகொள்வதை அளக்க முடியாதாம். அளக்கக்கூடிய வினைச்சொல் வேண்டுமாம். சரியென்று 'நோயாளியின் மூன்று கவலைகளைப் பட்டியலிடுவர்' என்று மாற்றினேன். அன்றைக்குக் குவீன்ஸ்டவுன் வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியை வைத்து, அந்த வரியை என் வீட்டுக்காரருக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப என் கவலை மூணு சொல்லு பார்ப்போம். பத்து நிமிஷமா ஊறுகாய் கேட்டுக்கிட்டு இருக்கேன், அத ஒண்ணுன்னு வச்சுக்க."

ஒன்பது பேரும் கேட்காத கேள்வி

எங்கள் செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்க ஆட்களை அழைப்போம். அந்த முறை காதர் பாய் வந்தார். சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் விட்டுவிட்டவர். அவருக்குக் கொடுத்த வேடம், காலில் புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளி. கை நடுங்குவதால் இன்சுலின் ஊசியையே நிறுத்திவிட்டார். வெட்கப்பட்டு அதை மறைக்கிறார். மாணவர் விசாரித்தால் மட்டும் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். கை கழுவினார்கள், அடையாள அட்டை எண் கேட்டார்கள், நாடி பார்த்தார்கள், கட்டு மாற்றினார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. 'வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்' என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? சொல்லித் தராத கேள்விக்கு மதிப்பெண் தாளில் கட்டம் கிடையாது. தாளைத் தயாரித்தவள் நான். ஒன்பதாவதாக வந்த தமிழ்ப் பெண்ணும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப, பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, காலையிலேர்ந்து ஒரு ரகசியத்த வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், யாராச்சும் கேளுங்களேன் லா!"

விற்காத சரக்கு

அந்த வாரக் கடைசியில் லிட்டில் இந்தியாவுக்குப் போனவள் பாயின் கடையில் ஏறினேன். மகன் கல்லாவில் இருந்தார். பாய் ஒரு ஓரமாக நாற்காலியில். அட்டவணையில் இடமில்லை, ஒருத்தரும் விட்டுக் கொடுப்பதில்லை என்று புலம்பித் தீர்த்தேன். அதில் உங்களுக்கு எத்தனை மணி நேரம் என்று பாய் கேட்டார். நான்கு என்றேன், மெதுவாக. தாதிமைக் கோட்பாடுகள், நானே ஆசை ஆசையாகச் செய்த ஸ்லைடு படங்களோடு எடுப்பேன். பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்களா என்றார். பின்வரிசை தூங்கும் என்ற உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"ரேக் நிறைஞ்சு கிடக்கு. முதல்ல உங்க ரேக்குல விக்காதத இறக்குங்க மிஸ்ஸி."

முதல் கேள்வி

சுருக்கென்றுதான் இருந்தது. ஊரார் பாடத்தில் எல்லாம் கை வைத்தவள், என் பாடத்தை ஒரு நாளும் நினைக்கவில்லையே! அடுத்த கூட்டத்தில் என் நான்கில் இரண்டைப் புதுப் பாடத்துக்கு வெட்டிக் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் அனுமதி. வெட்டிய படங்களை நினைத்து அன்று முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

புதுப் பாடம் நடத்தி முடித்த பிறகு வந்த தேர்வுக்கும் பாய் வந்தார். முதலில் வந்த பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வீட்டுல எப்படி இருக்கீங்க அங்கிள்?" என்றான். பாய் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடையை மகனிடம் கொடுத்த பிறகு வீட்டில் யாரும் தன்னிடம் எதையும் கேட்பதில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பையன் குறுக்கே பேசாமல் கேட்டான். தேர்வைக் கவனிக்கும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்த பாய் என் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"கதைய விட்டுட்டு என் சொந்தக் கவலையச் சொல்லிட்டேன் மிஸ்ஸி. தம்பிக்கு மார்க்கக் குறைச்சிடாதீங்க, அவன் நல்லாத்தான் கேட்டான்."

அடுத்தவர் பாடத்தை வெட்டக் கத்தியோடு உள்ளே போய், தன் பாடத்தை வெட்டிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.