வெள்ளிக்கிழமை மட்டும் கடிக்கும் மீன்

தொண்ணூறுகளில், நியூசிலாந்தில், மீன் பிடிக்கவென்று ஆக்லாந்திலிருந்து டௌப்போ ஏரிவரை சனிக்கிழமைதோறும் கார் ஓடி, வெறுங்கையோடு திரும்பிய மடையன் நான். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பூபுகே ஏரிக்கரையில் மன்னார் ஊர்க்காரரான ஒரு பஸ் டிரைவரைச் சந்தித்த பிறகுதான் பைத்தியம் தெளிந்தது.

ஆள் கட்டை, பெல்ட்டுக்கு மேலால் தொங்கும் வண்டி பெரிது. யூனிஃபோர்ம் டையை முதுகுப்பக்கம் எறிந்துவிட்டு, செபம் சொல்லித் தூண்டில் வீசுவார். கடிக்காவிட்டால் அதே வாயால் மீனின் தாய் தகப்பனைத் திட்டுவார்.

"ஐசே, ஏன் சும்மா பெற்றோலை எரிக்கிறீர்? வெள்ளிக்கிழமை வாரும். அண்டைக்குத்தான் இஞ்ச கடிக்கும்."

போனேன். முழங்கை நீளத்தில் ஒரு ட்ரவுட்! என் தூண்டிலில் மாட்டிய முதல் மீன். துள்ளிக் குதித்த பிறகுதான் நினைவு வந்தது: வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசற்படியை மீன் மச்சம் எதுவும் தாண்டாது. மனிசி மீனோடு என்னையும் வெளியே நிறுத்திவிடுவாள்.

"யோசியாதையும்," என்றார், மீனைத் தன் பைக்குள் வைத்தபடி. "எங்கட கத்தோலிக்க வேதத்தில வெள்ளிக்கிழமை இறைச்சிதான் கூடாது. மீன் சாப்பிடலாம்."

வெள்ளிக்கிழமைதான் கடிக்கும் என்று உண்மையைச் சொன்னாரோ, என்னைப் பேய்க்காட்டினாரோ, இன்றுவரை தெரியாது. மீன் இழுத்த ருசி விடவில்லை. அடுத்த வெள்ளியும் போனேன்.

அவர் இன்னும் பெரிய பையோடு நின்றார்.