மேஜையில் மூன்று அடி

மதுரையில் நான் டார்ச் லைட் கடை வைத்திருந்தபோது, பேரையூர்ப் பக்கத்துக் கடலைக்காட்டுக் காவல்காரர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கையில் சைக்கிள் டியூப் துண்டு. ஒவ்வொரு லைட்டையும் எரியவிட்டு என் மேஜையில் மூன்று முறை ஓங்கி அடித்தார். வரிசையாக நான்கு அணைந்தன.

“யோவ், வாங்க வந்தியா, ஒடைக்க வந்தியா?” என்று கத்தினேன்.

“இந்த டியூப்ப வச்சு லைட்டத் துப்பாக்கியில கட்டுறதுண்ணே. வெடி அதிர்ச்சியில லைட்டு அணைஞ்சா, அடிபட்ட காட்டுப்பன்னி நம்ம மேலதேன் பாயும்.”

வேட்டியை விலக்கித் தொடைத் தழும்பைக் காட்டினார்.

“அந்த லைட்ட எந்தத் திருட்டுப்பய வித்தான்?” என்று கொதித்தேன்.

“இங்கன வாங்குனதுதேன்ணே.”

அணையாத ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனிதர். திட்டாமல் போனாரே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.